மறுகால்: பொதிகையடியிலிருந்து தேரிக்காடு வரை ஐந்து நாள்

முதல் நாள்: பாபநாசம்

திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் அம்மா வீட்டு மாடிப்படியில், ஏழாவது படியில் ஒரு பை இருக்கிறது. ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், சர்க்கரை மாத்திரை, டார்ச், ஒரு சேலை. 2023 டிசம்பரில் தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள் ஆறாவது படி வரை ஏறி வந்தது. அதனால்தான் பை ஏழாவதில். பங்குனி வெயில் கொளுத்தும்போதும் அது கீழே இறங்குவதில்லை. சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் நான் அதில் இடித்துக்கொள்கிறேன்.

“அம்மா, வெள்ளம் போய் ஒன்றேகால் வருடம் ஆகிறது.”

“அது ஆற்றுக்குத் தெரியுமா?”

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் மீள்திறன் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். வந்தவர் திரையில் மூங்கில் படம் ஒன்றைக் காட்டி, இயற்கையிடம் கற்றுக்கொள்ளுங்கள், புயலில் வளையுங்கள், ஒடியாதீர்கள் என்றார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. இதை மாமாவிடம் சொன்னபோது வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தார். மாமா, அம்மாவின் தம்பி, பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் லஸ்கராக இருந்தவர். கால்வாய்க் கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஷட்டரைத் திறந்தும் மூடியும் வயதானவர்.

“வா மருமகளே, ஆற்றை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்துவிட்டு வருவோம். படத்தில் பார்த்தது போதும்” என்றார்.

புதிய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினோம். அது இருக்கும் இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம். “குளத்துக்குள் பஸ் விட்டவர்கள் நாம்தான்” என்று மாமா ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் கோபம் வரும், பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

பாபநாசத்தில் படித்துறையெங்கும் ஈரத்துணி. பரிகாரம் செய்தவர்கள் உடுத்தியதை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் நீரோடு போகிறதோ என்னவோ, பாலியஸ்டர் போகவில்லை. சோதனைச்சாவடி தாண்டி அகஸ்தியர் அருவிப் பக்கம் ஏறினோம். மலையில் பெருமழை நின்று மூன்று மாதம் ஆகியும் அருவி விழுந்துகொண்டிருந்தது. மாமா பாதையோரம் குனிந்து, மேலே கிடந்த சருகை விலக்கி, அடியில் மக்கிக் கறுத்திருந்ததை ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். பிழிந்தேன். விரல் இடுக்கில் ஈரம் கசிந்தது. அருவிச் சாரல் எட்டாத இடம் அது.

“அணையில் இருப்பதைத்தான் நாங்கள் அடிக்கணக்கில் எழுதுவோம். இதற்கு எங்களிடம் ரிஜிஸ்டர் கிடையாது” என்றார்.

1868 மீட்டர் உயரத்தில் நிற்கும் பொதிகை உச்சிக்கு ஆடியில் சாரலும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையுமாக இரண்டு பருவ மழை கிடைக்கிறது. ஆனாலும் மழை மட்டும் ஆற்றை வருடமெல்லாம் ஓடவைக்காது. வந்த நீரை உடனே விட்டுவிடாமல் பிடித்து வைத்து, மெதுவாகக் கசியவிடும் காடு வேண்டும். கால் வலிக்கிறது, இன்றைக்கு இவ்வளவுதான்.

இரண்டாம் நாள்: திருப்புடைமருதூர்

நாறும்பூநாதர் கோயிலில் சிவலிங்கம் சாய்ந்திருக்கிறது. கருவூர்ச் சித்தர் வந்தபோது ஆற்றில் வெள்ளமாம். அக்கரையிலேயே நின்று “நாறும்பூநாதா” என்று அவர் கூப்பிட்டார், காது கொடுத்துக் கேட்பதற்காக ஈசன் சாய்ந்தார் என்பது தலபுராணம். எங்கள் பக்கத்தில் சாமிக்கும் வெள்ளக் கதை உண்டு. கோபுரத்துக்குள் மரச்சிற்பங்களையும் சுவரோவியங்களையும் பார்க்க ஒரு நாள் தனியாக வர வேண்டும்.

நாங்கள் வந்தது ஆற்றங்கரை மருத மரங்களுக்காக. கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் ஒரு கூட்டமாக நிற்கின்றன, மேலே முழுக்கக் கொக்கும் நாரையும். 2005இல் இந்தத் துண்டு நிலத்தைப் பறவைகளுக்கான பாதுகாப்பு இடமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. பரப்பளவு 3 ஹெக்டேர்கூட வராது. பெரிதாக இருந்தால்தான் காப்பாற்ற முடியும் என்று யார் சொன்னது?

ஒரு மரத்தின் அடியில் நீர் மண்ணை அரித்து, வேர்கள் பாதி வெளியே தொங்கின. யானைத் துதிக்கை பருமன். அவற்றுக்கு நடுவே சிக்கிக் கிடந்தவை: ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால், வாழைச் சருகு, நைலான் கயிறு, மண். பழைய மண் போன இடத்தில் புது வண்டல் படிந்து, அதில் புல் முளைத்திருந்தது. மரம் ஆற்றை எதிர்த்து நிற்கிறது என்று நேற்று நோட்டில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தண்ணீர் வேருக்குள் புகுந்து போகிறது. போகும்போது கொண்டுவந்ததில் பாதியை வைத்துவிட்டுப் போகிறது.

மதியம் சாப்பாடு கிடைக்காமல் முறுக்கும் டீயும். மாமாவுக்குக் கோபம், என்மேல். ஏன் என்றுதான் புரியவில்லை.

மூன்றாம் நாள்: பத்தமடை, அப்புறம் ஒரு மறுகால்

இன்று நிறைய எழுத வேண்டும்.

காலையில் பத்தமடை. பாய் நெய்யும் ஓர் அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஒரு பச்சைக் கோரைத் தண்டை எடுத்து, நுனியில் கத்தியை வைத்து, இடது கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே அடிவரை வகிர்ந்தார். உள்ளே வெண்மையாக இருந்த சோற்றைச் சுரண்டி எறிந்தார். இது வெயிலில் காய வேண்டும், அப்புறம் ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வேண்டும், மறுபடி காய வேண்டும். எத்தனைக்கு எத்தனை மெல்லிதாக வகிர்கிறார்களோ அத்தனைக்கு அத்தனை பாய் பட்டு மாதிரி ஆகும்.

“ஊறும்போது உப்ப வேண்டும். உப்பாத கோரை தறியில் ஒடிந்துவிடும்” என்றார்.

வெள்ளத்தில் வளைந்து பிழைத்த நாணலும் வேரோடு சாய்ந்த மரமும் வரும் பள்ளிக்கூடக் கதையை நான் எடுத்துவிட்டேன். அக்கா மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எங்கே வளைந்தது? அந்த மழையில் ஊறப்போட்டிருந்த கட்டு அத்தனையும் போயிற்று. நின்ற கோரை படுத்து, மேலே சேறு மூடி அழுகிவிட்டது. மாசக்கணக்கில் தறி சும்மா கிடந்தது.”

“அப்புறம்?”

“கிழங்கு கீழே இருந்தது. முளைத்தது.”

மாமா என்னைப் பார்த்தார். வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது தெரியும். மேலே எத்தனை முறை இழுத்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும், விவசாயி தலையில் அடித்துக்கொள்வான். வளைவதால் பிழைக்கிறது என்பது தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கட்டிய கதை. மேலே இருப்பதை மொத்தமாக இழந்துவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் வைத்திருந்ததைக் கொண்டு அது திரும்ப வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அந்த அக்காவின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டேன். மகள் பீடி சுற்றினாளாம், கொழுந்தன் வீட்டிலிருந்து அரிசி வந்ததாம். அதுவும் கிழங்குதான்.

பிற்பகல் மாமாவின் பழைய ராஜ்யம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழும் பழைய ராஜாக்கள் காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டத்தை வெள்ளைக்காரர்கள் 1870களில் கட்டி முடித்தார்கள். ஆற்றை அடைத்து நிறுத்துவது இவற்றின் வேலை அல்ல. கொஞ்சம் உயர்த்தி, வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டு, மீதியைத் தலைக்கு மேல் போகவிடும். வாய்க்கால் குளத்தில் விழும். குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு, அது பெருகினால் அதற்கடுத்ததற்கு. கடைசிக் குளத்தின் உபரி ஏதோ ஓர் ஓடை வழியாக ஆற்றுக்கே திரும்பும்.

கன்னடியன் கால்வாய் பாசனத்தில் ஒரு குளத்தின் மறுகாலில் உட்கார்ந்தோம். பிசான அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் நின்றது. தூரத்தில் கிடை போட ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். மறுகால் என்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சமாசாரம்: கரையில் ஓரிடத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல் பாவிய ஒரு திட்டு.

“எல்லோரும் மடையைத்தான் குளத்தின் உயிர் என்பார்கள். மடை பழுதானால் ஒரு போக விளைச்சல் போகும். மறுகால் அடைத்தால் குளமே போய்விடும்” என்றார் மாமா.

அவர் வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது. ஓர் ஊர், பெயர் வேண்டாம். ஐப்பசியில் குளம் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் தண்ணீர் தேங்கினால் கோடையிலும் ஒரு பயிர் எடுக்கலாம் என்று நாலு பேர் ராத்திரியில் மறுகால்மேல் மணல் மூட்டை அடுக்கினார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. ஊரே அந்த ஒரு சாணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. மூன்றாம் நாள் மழை. தண்ணீர் போக வழி தேடிக் கரையின் நடுவில் வாய் திறந்தது. உடைப்பை அடைக்கத் தென்னை மரத்தையும் வைக்கோலையும் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கீழே இரண்டு குளங்களும் சேர்ந்து உடைந்தன. தைப்பொங்கலுக்கு அந்த ஊரில் புது அரிசி கிடையாது.

“பேராசையா மாமா?”

“பேராசை என்று சொல்லமாட்டேன். முந்தின வருடம் தண்ணீர் இல்லாமல் காய்ந்தவர்கள். பயம்.”

அந்தப் பதில் எனக்கு ராத்திரி வரை போதுமானதாக இருந்தது. மூன்று வருடமாக நான் விடுப்பு எடுக்கவில்லை. ஒரு நாளில் மூன்று நாள் வேலையைத் தேக்கி வைத்து, அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறுகாலில் மூட்டை அடுக்கிய நாலு பேரும் எனக்குள்ளேயே இருக்கிறார்கள்.

நான்காம் நாள்: கூந்தன்குளம்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். குளம் நிறைந்தது ஐப்பசியில் அல்ல, கார்த்திகையில் என்று மாமா காலையிலேயே போனில் கூப்பிட்டுச் சொன்னார். இன்று அவர் வரவில்லை, முழங்கால். தனியாகப் போனேன்.

1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. அறிவிப்புக்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளை விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குளத்துக்குள் நிற்கும் மரங்கள் போதாமல், தெருவுக்குள் வீட்டுக்கொல்லைப் புளியமரத்திலும் வேம்பிலும் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுகிறது. கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் குளத்தில் இருந்தன. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் கிளம்பிப் போய்விட்டன என்றார்கள். அவற்றுக்காகத்தான் பைனாகுலர் கடன் வாங்கி வந்திருந்தேன்.

நாற்றத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். மீன் கழிவும் எச்சமும் பங்குனி வெயிலும் சேர்ந்து மூக்கை அடைக்கிறது. திண்ணையில் இருந்த ஆச்சியிடம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றேன்.

“கொடியில் சேலை காயப்போட முடியாது தாயி. என் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே காபி குடித்தார்கள். ஆனால் அந்த எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர்தானே வயலுக்குப் பாய்கிறது? உர மூட்டைக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.”

“கல்யாணம் முடிந்ததா?”

“முடிந்தது. இப்போது அந்த மாப்பிள்ளைதான் வந்தவுடன் கூட்டை எண்ணுகிறார்.”

கூடுகள் நெருக்கமாக இருப்பதால் காற்றடித்தால் குஞ்சுகள் கீழே விழுகின்றன. என் கண் முன்னாலேயே ஒன்று விழுந்தது. பஞ்சு மாதிரி வெள்ளை உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய அலகு. சிறகை விரித்து எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டது. மேலே தாய் நாரை கூட்டில் இருந்த மற்ற இரண்டுக்கும் மீன் கக்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த குஞ்சுக்கு நாரை இரை கொண்டுவராதாம், அதன் கணக்கில் அது இல்லை. பிறகு ஒரு பையன் வந்து, அலகை ஒரு கையால் பிடித்து, குஞ்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். இங்கே விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து, பறக்கும் வரை வளர்க்கும் பழக்கம் பல வருடமாக இருக்கிறது.

வகுப்பெடுத்தவரை இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். இயற்கையிடம் கற்றுக்கொள் என்றால் இந்த இடத்தில் எதைக் கற்பது? விழுந்ததை விட்டுவிடு என்பதையா? நாரையைக் குறை சொல்லவில்லை. இரண்டு குஞ்சுக்கு மட்டும் மீன் இருந்தால் மூன்றாவதற்காக மூன்றையும் சாகவிடக் கூடாது என்பது அதன் நியாயம். அந்தப் பையன் செய்தது நாரையிடம் கற்றதல்ல.

2023 டிசம்பர் 17ஆம் தேதி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் போய், இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது, எந்த ஊர்க் குளமும் அதற்குக் கட்டியதல்ல. ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே, தாங்களே தண்ணீரில் நின்ற பக்கத்துக் கிராமத்தார் அரிசி கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள்.

எங்கள் தெருவிலும் ஒன்று நடந்தது. மாடி வீட்டு அத்தையும் அம்மாவும் கழிவுநீர்க் குழாய்த் தகராறில் பத்து வருடம் பேசவில்லை. அன்று ராத்திரி அத்தை படியில் நின்று, “அக்கா, மேலே வாருங்கள்” என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்களாம். இரண்டு அறையில் பதினான்கு பேர், இரண்டு ராத்திரி. குழாய்த் தகராறு இன்னும் தீரவில்லை. பேச்சு மட்டும் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள்: தேரி

திசையன்விளை வழியாக பஸ். சுமார் 12,000 ஏக்கர் பரப்புள்ள குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் இறங்கினேன். செருப்புக்குள் மணல் புகுந்ததும் கழற்றினேன், அடுத்த நொடியே மாட்டினேன். செக்கச்செவேலென்ற மணல், காற்று நினைத்தபடி மேடும் பள்ளமும். நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், அங்கே சுனை. இத்தனை கொதிக்கும் மணலுக்கு நடுவே தண்ணீர் எப்படி என்று கேட்டால், மழையை ஒரு சொட்டு ஓடவிடாமல் குடிக்கிறதே இந்த மணல், எங்காவது விட வேண்டாமா என்றார் அங்கே இருந்தவர். பாபநாசத்துச் சருகு ஞாபகம் வந்தது.

ஒரு பனங்காட்டில் அண்ணாச்சி ஒருவர் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். தளைநாரைக் கழற்றி, இடுப்பில் தொங்கிய பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுத்துக் காட்டினார். முகம் மழிக்கலாம், அவ்வளவு கூர். காலையும் மாலையும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் வாய் காய்ந்து பதநீர் நின்றுவிடும்.

“வெள்ளத்தில் பனை விழவில்லையே அண்ணாச்சி?” என்றேன், விழவில்லை என்ற பதிலை எதிர்பார்த்து.

“ஏன் விழாது? ஓடைக்கரையில் ஏழெட்டு விழுந்தது. மண்ணே போய்விட்டால் பனை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?”

ஓடைக்கரையில் புதிதாக விதை போட்டிருக்கிறார். முளைத்து ஒற்றை ஓலை விட்டிருந்தது. பனை முதலில் கீழேதான் இறங்கும். மேலே தண்டு தெரியவே பல வருடம் ஆகும், பாளை விட அதற்கு மேலும் ஆகும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று சும்மாவா சொன்னார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. யார் ஏறுவார்கள் என்று கேட்டேன். மகன் துபாயில் இருக்கிறான், ஏறமாட்டான் என்றார். “ஏறாவிட்டால் என்ன, கரைக்கு வேர் கிடைக்கும்.”

விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், அவருடைய மனைவி பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பனை மட்டைதான் விறகு. பாகு தேன் நிறத்தைத் தாண்டி, கருத்து, குமிழி சிறுத்து, துடுப்பிலிருந்து நூலாக இறங்கியது. அதைச் சிரட்டையில் ஊற்றும் நேரத்தில் போன் அடித்தது. அம்மா.

“இங்கே மழை” என்றாள்.

“கோடை மழை அம்மா. அரை மணியில் விட்டுவிடும்.”

“தெரியும். கருப்பட்டி வாங்கி வா, மூன்று கிலோ.”

“மூன்று எதற்கு?”

“ஒன்று வீட்டுக்கு. ஒன்று பைக்கு, அது கெடாது. மாடி வீட்டுக்காரி அவள் பையிலும் ஒன்று போட வேண்டும் என்கிறாள்.”

ஓலைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். சூடு ஆறவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.